வடக்குத் துடுப்புக்குத் தெற்குக் கை

எனக்கு இடது வலது தெரியாது. அறுபதைத் தொட்டுவிட்ட ஒரு பெண்பிள்ளை இதை எழுதியெல்லாம் ஒப்புக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் ஊரப்பாக்கம் ரயில் நிலைய வாசலில் நிற்கும் அத்தனை ஆட்டோக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதியை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? ‘ரைட்ல திரும்புங்க’ என்று வாய் சொல்லும். கை இடது பக்கம் நீளும். பழகியவர்கள் கையைத்தான் நம்புவார்கள். வாயை நம்பிய புது ஆள் ஒருவர் என்னை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

குற்றம் என்னுடையது மட்டுமல்ல. நான் பிறந்தது முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில். அங்கே யாரும் இடது வலது என்று பேசி நான் கேட்டதில்லை. வடக்கு, தெற்கு, கடல், கரை. உலகம் அவ்வளவுதான். பானையை வடக்கால நகர்த்துவார்கள். பாயைத் தெற்கே தள்ளிப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ‘சோறு தின்கிற கை வலது கை’ என்று சுலபமாக ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நானோ பீச்சாங்கையால் சோறு தின்று தினமும் அம்மாவிடம் அடி வாங்குகிற பிள்ளை. வாத்தியார் காட்டிய வழி எனக்கு மட்டும் எதிர்த் திசையில் போயிற்று.

இந்தக் குறையை வைத்துக்கொண்டு எங்கள் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரையும் ஒருமுறை இரண்டு நாள் கரையில் உட்கார வைத்திருக்கிறேன். புயல் செய்கிற வேலை அது. நான் ஒரு தீக்குச்சியும் கொஞ்சம் பஞ்சும் வைத்துக்கொண்டு செய்தேன்.

எழுபதுகளின் நடுவில், மழை விட்டுத் தை பிறந்த சமயம். எனக்கு எட்டு வயது. நெத்திலி கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்த நாட்கள். அந்த நேரம் பார்த்து என் மாமா, அம்மாவின் தம்பி, செங்கல்பட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே சுகாதார ஆபீசில் ஊசி போடுவது அவர் வேலை. மாமல்லபுரம் வரை பஸ், அங்கிருந்து கடலோரமாகத் தலையில் ஒரு தகரப் பெட்டியோடு நடை. பெட்டிக்குள் கண்ணாடி ஊசிக்குழல், அதைக் கொதிக்க வைக்க ஒரு ஸ்பிரிட் அடுப்பு, மருந்துப் புட்டிகள். கடலோரத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற உடம்பு மாமாவுக்கு. அதனால்தான் படித்து உத்தியோகத்துக்குப் போனார் என்பது நைனாவின் கண்டுபிடிப்பு. நைனா என்றால் என் அப்பா.

மாமா அன்று நேரே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாட்டார் வீட்டுக்குப் போனார். நாட்டார்தான் குப்பத்துக்குத் தலைவர். அவர் தலையாட்டாமல் எங்கள் குப்பத்தில் மரமும் கடலில் இறங்காது, மாப்பிள்ளையும் பந்தலில் ஏற மாட்டான். அரை மணி நேரத்தில் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடிவிட்டது.

“தெக்க ரெண்டாவது குப்பத்துல ரெண்டு பேரு பூட்டாங்க. காலரா. வாந்தியும் பேதியும், ஒரே நாள்ல முடிஞ்சிச்சு,” என்றார் மாமா. “அது இங்க வர்றதுக்கு பஸ்ஸு ஏறத் தேவையில்ல. மழைத்தண்ணி எல்லாக் கெணத்துலயும் பூந்துகீது. அதனால எல்லாரும் ஊசி போட்டுக்கணும்.”

“இது புள்ள பொறக்காம பண்ற ஊசின்னு மார்க்கெட்டுல சொல்லிகினாங்களே?” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கேட்டவருக்கு எழுபது வயது.

“அது வேற டிபார்ட்மெண்டு, தாத்தா. நீ ஒண்ணும் கவலப்படாத.”

“செரி, இத்தப் போட்டா காலரா வரவே வராதா?”

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அவர் உத்தியோகத்துக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். “வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி தடுக்கும். தண்ணியும் காய்ச்சித்தான் குடிக்கணும்,” என்றார்.

“பாதின்னா இன்னா கணக்கு? வாந்தி வராது, பேதி மட்டும் வருமா?” என்று கேட்டது நைனா. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்துவிட்டார், அதுவும் அவருக்கு ஒரு குறைதான்.

சிரிப்பு அடங்கியதும் நைனா எழுந்து நின்றார். “மச்சான், நேராவே கேக்கறேன். ஊசி போட்டா கை வீங்குமா, வீங்காதா?”

“ரெண்டு நாளு வலிக்கும் மாமா. லேசா ஜொரம் வரும்.” (மாமா நைனாவை மாமா என்பார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு மாமா, குழம்ப வேண்டாம்.)

“நெத்திலி இன்னும் பத்து நாளைக்குத்தான் கீது. இப்ப கைய வீங்க வெச்சிகினு கரையில குந்தினா, அப்பால ஊட்டுல இன்னா வேகும்? ஊசியா வேகும்? வோணும்னா போட்டுக்கறவன் போட்டுக்கட்டும். இந்தக் கை யாருது? என்னுது. என் கை, என் இஷ்டம்.”

பத்துப் பதினைந்து பேர் ‘அதானே’ என்றார்கள். மாமா மெதுவாகச் சொன்னார்: “கை உங்களுதுதான் மாமா. கெணறு எல்லாருதும் ஆச்சே.”

பேச்சில் தோற்றால் ஆண்கள் வழக்கமாகச் செய்வதை நைனாவும் செய்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு எங்கள் அடுக்குமாடியில் கொரோனா ஊசிக்காக நடந்த சண்டையையும் பார்த்தேன். எல்லாரும் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் திட்டிக்கொண்டார்கள். குப்பத்தில் அந்த வசதி கிடையாது. எதிரே உட்கார்ந்துதான் திட்ட வேண்டும். திட்டி முடித்ததும் ஒரே சட்டியிலிருந்துதான் சாப்பிட வேண்டும்.

அன்று மத்தியானம் அதுதான் நடந்தது. நைனாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு சாப்பிட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். நடுவில் தபால்காரியாக நான்.

“ஒங்க மாமன் தட்டுல கொயம்பு இல்ல. ஊத்தச் சொல்லு,” என்றார் நைனா.

“ஒங்க நைனாவைக் கேளு. என்மேல கோவம்னா குழம்பு மேலயும் கோவமா? பாதிச் சோத்துல கைய கழுவப் போறாரே,” என்றார் மாமா.

அம்மா கரண்டியைச் சட்டியில் டங்கென்று போட்டாள். அவள் நிலைமை அப்படி. ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். அவன் ஊசி போடாமல் திரும்பினால் அடுத்த வாரம் ஜீப்பில் வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை என்று அவனே அவளிடம் சொல்லியிருந்தான். இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டவர். நடுவில் நானும் என் தம்பியும், எந்த நேரமும் கிணற்றுத் தண்ணீரைக் கைநிறைய அள்ளிக் குடித்துக்கொண்டு.

“ஒனக்குத் துடுப்பு போடற கை வலிக்கக் கூடாது, அவ்ளதானே?” என்றாள் நைனாவிடம். “ஒனக்கு எந்தக் கையானா இன்னா, ஊசி ஏறணும், அவ்ளதானே?” என்றாள் மாமாவிடம். “மரத்துக்கு ரெண்டு பேரு. ஒருத்தன் வடக்குத் துடுப்பு, ஒருத்தன் தெற்குத் துடுப்பு. வடக்குத் துடுப்புக்காரனுக்குத் தெற்குக் கையில போடு. தெற்குத் துடுப்புக்காரனுக்கு வடக்குக் கையில போடு. இதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மொறச்சிகினு கீறீங்க?”

கட்டுமரம் கடலுக்குப் போகும்போது முகம் கிழக்கே. ஒருவன் மரத்தின் வடக்குப் பக்கம் துடுப்பை இழுப்பான், மற்றவன் தெற்குப் பக்கம். ஒரு பக்கம் பழகியவன் ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கத்துக் கைதான் அவனுக்குச் சோறு போடுகிற கை. இன்னொரு கை இரண்டு நாள் வலித்தாலும் சமாளித்துவிடுவான். அம்மா சொன்னதில் ஓட்டை இல்லை.

மாமாவின் முகம் மலர்ந்தது. நைனா கை கழுவிக்கொண்டே, “ஊருக்கு அப்பிடியே போடுங்க. நான் போட்டுக்க மாட்டேன்,” என்றார்.

“இன்னும் இன்னா காரணம்?” என்றாள் அம்மா.

“காரணம் இல்ல. என் இஷ்டம்.”

“இஷ்டத்துக்குக் காரணம் வோணாமா?”

“காரணம் இருந்தா அதுக்குப் பேரு இஷ்டமா?”

சாயங்காலம் அம்மாவின் யோசனையை நாட்டார் தன் யோசனையாக ஊருக்கு அறிவித்தார். ஊர் ஒப்புக்கொண்டது. நைனா மட்டும் இல்லை.

இப்போது ஒரு சிக்கல். பதினெட்டு மரம், முப்பத்தாறு ஆண்கள். யார் வடக்கு, யார் தெற்கு என்று கடலே ஆகாத மாமாவுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். விடியும்போது கையில் ஒரு டம்ளர் கடுங்காப்பியோடு மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு மரமும் அலையைத் தாண்டுகிறதைப் பார்ப்பதுதான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடக்கிற பள்ளிக்கூடம். “நாட்டார் வடக்கு, அவரு மவன் தெற்கு, நைனா வடக்கு, சித்தப்பா தெற்கு,” என்று ஒப்பித்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாதவள் இதை மூச்சுவிடாமல் சொன்னதும் மாமா அசந்துபோனார். எனக்கு அங்கேயே உத்தியோகம் கொடுத்தார். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து ஒரு புட்டி, முனையில் பஞ்சு சுற்றிய தீக்குச்சி. எந்தக் கையில் போட வேண்டுமோ அந்தக் கையில் நான் ஒரு பொட்டு வைக்க வேண்டும்; மாமா பொட்டைப் பார்த்துக் குத்திக்கொண்டே போவார்.

அந்த ராத்திரி நான் கவர்ன்மெண்ட் ஆளாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மீன்பாடு முடிந்து மரங்கள் கரை ஏறியதும், வலை வைக்கும் கொட்டகையில் மாமா கடை விரித்தார். கடல்காற்றில் ஸ்பிரிட் அடுப்பு அணைந்து அணைந்து போயிற்று. அதனால் அடுப்புக்கு முன்னால், காற்றை மறைக்கிற மாதிரி, ஆட்களைக் கடலுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். காற்றும் அடங்கியது, அடுப்பும் எரிந்தது.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது.

முதல் ஆள் நாட்டார். வடக்குத் துடுப்பு. ஆகவே தெற்குக் கை. நான் நிமிர்ந்து தெற்கு எது என்று பார்த்தேன். மாமல்லபுரம் இருக்கிற பக்கம் தெற்கு. அந்தப் பக்கம் இருந்த கையில், எட்டணா அகலத்துக்கு, அழகாகப் பொட்டு வைத்தேன். நாட்டார் கரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ஆள் திரும்பினால் கையும் திரும்பிவிடும் என்கிற நுணுக்கமெல்லாம் எனக்கு எட்டவில்லை. கடலைப் பார்த்தால் வடக்கே இருந்து துடுப்பை இழுக்கிற அதே கைதான் இப்போது தெற்கே இருந்தது.

நாட்டாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர் கை அல்லவா? ஆனால் பெட்டி திறந்ததுமே அவர் கண்ணை மூடியவர்தான். ஆள் உயர அலையில் மரத்தை இறக்குகிறவர், ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கை மாறிவிட்டது என்று சொன்னால், அப்போது பார்த்துக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். “ஒண்ணுமே இல்லடா. எறும்புக் கடி,” என்று சொல்லிக்கொண்டு கம்பீரமாக எழுந்து போனார்.

அடுத்து வந்தவர்கள் தங்கள் கையில் விழுந்த பொட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்கள்தான். ஆனால் நாட்டாரே துடுப்புக் கையைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். காலையில் ஏதோ யோசித்து மாற்றியிருப்பார்கள் போல என்று அவர்களும் கொடுத்தார்கள். நாம் போய்க் கேட்டால் வலிக்குப் பயந்தவன் என்று பெயர் வரும். முப்பத்தைந்து ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, மீசையை முறுக்கிக்கொண்டு தப்பான கையை நீட்டினார்கள்.

நைனா எங்களுக்கும் கடலுக்கும் நடுவே, தன் மரத்தின் மேல் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுதான் அவருக்குத் தெரியும். ஆறாவது ஆளாகச் சித்தப்பா வந்து உட்கார்ந்தபோது அவர் தலை நிமிர்ந்தது. சித்தப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க்கொண்டிருந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நூலை வாயில் வைத்துக் கடித்து அறுத்துவிட்டு மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார். என் கைத்திறமையைப் பார்த்துப் பெருமைப்படுகிறார் என்று நினைத்து, அடுத்த பொட்டை இன்னும் பெரிதாக வைத்தேன்.

பெண்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. எந்தக் கையில் போட்டாலும் அடுத்த நாள் இரண்டு கைக்கும் வேலை இருந்தது. அம்மா முதலில் நீட்டினாள். கடைசியாக எனக்கு. கவர்ன்மெண்ட் உத்தியோகம் பார்த்த கௌரவத்தில் பேசாமல் இருப்பேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் போட்ட கூச்சலில் காயப்போட்ட நெத்திலியைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

விடிந்தது. முப்பத்தைந்து துடுப்புக் கைகள் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன.

பக்கத்தை மாற்றி உட்கார்ந்து போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களும் நினைத்தார்கள். ஐந்தாறு மரம் இறங்கியது. பிறந்தது முதல் வடக்கே இழுத்தவன் தெற்கே இழுத்தால் மரத்துக்கே குழப்பம் வந்துவிடுகிறது. கொஞ்ச தூரம் போய் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. மூன்றாவது வட்டத்தில் அலையே அவர்களைக் கரையில் கொண்டுவந்து தள்ளியது. அப்பால் தண்ணீரில் நெத்திலி துள்ளிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அன்றைக்குக் கூடையில் விற்க ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினார்கள்.

“எவ வெச்ச பொட்டு இது?” என்று நாட்டார் உறுமினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் ஊதா விரல்களைப் பாவாடையில் ஒளித்தேன்.

“கொயந்தைய இன்னாத்துக்குக் கேக்கற? நீ கண்ணத் தொறந்துகினு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் நாட்டாரின் மனைவி. நாட்டார் அதற்குப் பிறகு உறுமவில்லை. ஆனால் பிள்ளைகள் விடுவார்களா? போகிற இடமெல்லாம், “பொட்டு டாக்டரு! பொட்டு டாக்டரு! எனுக்கு எந்தக் கை?” என்று பின்னாலேயே வந்தார்கள். நான் வலைக் கொட்டகைக்குள் ஓடி, வலைக்குவியலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு. சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தேன்.

வலைக்கண் வழியாகக் கிணறு தெரிந்தது. தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, மருந்து தூவி, புதுத் தண்ணீர் ஊறும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். யார் இறைப்பது? குப்பத்திலேயே இரண்டு கையும் ஒழுங்காக இருந்த ஆண் ஒருவர்தான்.

நைனா இறைத்தார். அன்று முழுக்க இறைத்தார். நடுநடுவே, தோளில் கம்பு போட்டு இரண்டு தகர டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேற்கே ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த ஊரிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். அவருடைய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார்.

“கெணறு எல்லாருதும்னியே மச்சான்,” என்று நைனா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “எங்க அந்த எல்லாரும்?”

“கைய தொங்கப் போட்டுகினு நெயல்ல குந்திகீறாங்க மாமா.”

“இஷ்டத்துக்கு ஊசி போட்டுகினவன் நெயல்ல. போடாதவன் வெயில்ல. நல்ல கவர்ன்மெண்டுடா ஒங்க கவர்ன்மெண்டு.”

இரண்டு பேரும் நேரே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை வலைக்கு அடியிலிருந்து கவனித்தேன். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. தபால் உத்தியோகமும் போயிற்று.

ஊசி போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் பிடிக்க வேண்டும். நைனா டின்களை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“டாக்டரம்மா கீறாங்களா?”

“இல்ல,” என்றேன் வலைக்கு அடியிலிருந்து.

“அப்பிடியா? செரி. வந்தா சொல்லு, ஒரு பேஷண்டு வந்து பாத்துட்டுப் பூட்டான்னு.”

நான் தலையை வெளியே நீட்டினேன். நைனா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், கடலைப் பார்த்து.

“மாமா, இந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க. காத்துல அடுப்பு அணையும்,” என்றார் மாமா.

“அணைஞ்சா திரும்பக் கொளுத்து. நான் கடலப் பாத்துதான் குந்துவேன்.”

மாமா பெட்டியை அவிழ்த்து, வேட்டியை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைத்தார். மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை பிடித்தது.

“இன்னா மாமா, இஷ்டம் மாறிச்சா?”

“அன்னிக்கும் என் இஷ்டம், இன்னிக்கும் என் இஷ்டம். நீ ஊசியக் கொதிக்க வையி.” பிறகு என்னிடம் திரும்பி, “பொட்டு வையி கண்ணு,” என்றார்.

தீக்குச்சியை ஊதா மருந்தில் முக்கினேன். “எந்தக் கை நைனா?”

“எனக்கு இன்னா தெரியும்? டாக்டரு நீதானே? நீயே பாத்து வையி.”

“தப்பாப் பூட்டா?”

“பூட்டா ரெண்டு நாளு குந்திகினு இருப்பேன். சீக்கிரம், மாமனுக்கு பஸ்ஸு பூடும்.”

நான் அவர் பக்கத்தில் போய் நானும் கடலைப் பார்த்து நின்றேன். நைனா வடக்குத் துடுப்பு. மாமல்லபுரம் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக் கை. ஒருமுறை பார்த்து, இன்னொருமுறை பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பொட்டு வைத்தேன். சரியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமா குத்தும்போதும் கண்ணை மூடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நெத்திலி இன்னும் போவல மச்சான்,” என்றார்.

மறுநாள் எல்லாருடைய கை வீக்கமும் இறங்கியிருந்தது. முதலில் அலையைத் தாண்டியது எங்கள் மரம். சித்தப்பா தெற்கே, நைனா வடக்கே. சட்டை இல்லாத அவர் தெற்குக் கையில் என் ஊதாப் பொட்டு, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி. “இப்பதான்டா ஒயுங்கா வெச்சுகீது,” என்றார் நாட்டார். நான் பாவாடையை உதறிக்கொண்டு நிமிர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த வருஷம் எங்கள் குப்பத்துக்குக் காலரா வரவில்லை. ஊசியால் என்றார் மாமா. அவருக்குப் பொய் வராதாகையால், தண்ணியும்தான் என்று சேர்த்துக்கொண்டார். தான் சுமந்த தண்ணீரால் மட்டும்தான் என்றார் நைனா. அந்த வழக்கு அவர்கள் இருவருக்கும் இடையில் முப்பது வருஷம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நெத்திலிக் குழம்பு உண்டு.

நைனா போய்ப் பல வருஷம் கழித்து, எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் போனில் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், என்னோடு இருந்த அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். “ஒங்க நைனா அன்னிக்கு ஆறாவது ஆளுலயே பாத்துட்டாரு, நீ கைய மாத்திகினு கீறன்னு. மத்தியானமே என்னாண்ட சொன்னாரு. ‘நான் வாயத் தொறந்தா ஒரு பய குந்த மாட்டான், எல்லாம் எயுந்து பூடுவானுங்க, ஒன் தம்பி வெறும் பொட்டியோட போவான். அத்தான் கம்முனு இருந்துட்டேன்’னாரு.”

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா ஜெயித்திருப்பார். அந்த வார்த்தையைத்தான் அவர் நூலோடு சேர்த்துக் கடித்துத் துப்பியிருக்கிறார்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே புரியும்? அத்தனை தப்பையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாரே, பிறகு தன் கையையும் கொண்டுவந்து என்னிடமே நீட்டி எது என்று கேட்டாரே. பாவம், நைனாவுக்கும் என்னைப் போலவே இடது வலது தெரியாது, எனக்கு இந்தக் குறை அவர் வழியில்தான் வந்திருக்கிறது என்று, வெகு காலம் வரை, யாரிடமும் சொல்லாமல் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.